ஈயப் படையின் தளபதி எச். ஜி. வெல்ஸ்

எச். ஜி. வெல்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கால இயந்திரமும், கண்ணுக்குப் புலப்படாத மனிதனும், செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கிவந்த படையெடுப்பாளர்களும் நினைவுக்கு வருவர். விஞ்ஞானக் கதைகளின் தந்தையருள் ஒருவர் என்று அவரைப் போற்றுவது வழக்கம். அதை எழுதப் பலர் இருக்கின்றனர். நான் எழுத விரும்புவது வேறொரு வெல்ஸைப் பற்றி. நாற்பத்தாறு வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, தரையில் முழங்காலிட்டு, இரண்டு அங்குல உயரமுள்ள ஈயச் சிப்பாய்களை அளந்து அளந்து நகர்த்தி, பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடிய வெல்ஸ் அவர். அந்த விளையாட்டுக்கு விதிகளை வகுத்து 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’, அதாவது ‘சின்னஞ்சிறு போர்கள்’ என்றொரு நூலையும் வெளியிட்டார். பொம்மைப் படைகளைச் சேர்த்து, வண்ணந்தீட்டி, சரித்திரப் போர்களை மேசைமேல் மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு மேலைநாடுகளில் இன்று பரவியிருக்கிறது. அதற்கு மூலநூலாக அந்த மெல்லிய புத்தகத்தையே காட்டுவர்.

வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கெண்ட் மாவட்டத்துப் புரோம்லி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜோசப் தோட்டக்காரராய் இருந்து, பின்பு பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சிறு கடை வைத்தவர். கடையில் வருமானம் இல்லை. பந்து வீசுவதில் வல்லவர் என்பதால் கெண்ட் அணிக்கு ஆடியும் கொஞ்சம் பொருள் ஈட்டினார். 1862இல் சஸெக்ஸ் அணிக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் வீழ்த்தியவர் அவர். தாய் சாரா, பெரிய மாளிகையொன்றில் பணிப்பெண்ணாய் இருந்தவர். எட்டு வயதில் சிறுவனுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது தந்தை நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்களே அவனைப் படிப்பாளியாக்கின. மூன்றாண்டுகளுக்குப் பின் தந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருவாயும் நின்றது. குடும்பம் சிதறியது.

அந்த வயதில் அவர் மனத்தில் ஓடிய கனவுகளைத்தான் இக்கட்டுரையின் வேர் என்பேன். பதின்மூன்று வயதுச் சிறுவன் புரோம்லியைச் சுற்றித் தனியே நடந்து போவான். அவன் கண்ணுக்கு மேடும் பள்ளமும் போர்க்களங்களாகவே தெரியும். மார்ட்டின்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் அவன் கற்பனைப் படைகள் மோதும். அவனே மாபெரும் தளபதி. மன்னர்கள் அவன்முன் பணிவர். எதிரே வரும் ஊர்க்காரருக்கு நைந்த உடை அணிந்த கடைக்காரர் மகன்தான் தெரிந்திருப்பான். இந்தக் கனவுகளை அவர் மறைக்கவில்லை. 1934இல் எழுதிய தன்வரலாற்றில் விரிவாகவே சொல்லியிருக்கிறார்.

பிறகு வந்தது துணிக்கடை. சவுத்ஸீ நகரில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர வேலை. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, 1883இல் உதறிவிட்டு வந்தார். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் உதவி ஆசிரியர் ஆனார். மறு ஆண்டே உதவித்தொகை பெற்று இலண்டனில் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயிலும் பேறு கிட்டியது. ஆயின் ஹக்ஸ்லியின் வகுப்பில் சிறந்த அதே மாணவர் மூன்றாம் ஆண்டில் புவியியற்கூறு தேர்வில் தோற்றார். வேல்ஸ் நாட்டுப் பள்ளியொன்றில் கால்பந்து ஆடுகையில் சிறுநீரகத்தில் அடிபட்டு, நுரையீரலும் கெட்டு, சாவின் விளிம்புவரை போய் வந்தார். 1890இல் பட்டம் பெற்றார். 1895இல் ‘கால இயந்திரம்’ வெளிவந்தது. அதன்பின் நடந்ததெல்லாம் யாவரும் அறிந்தது.

1900இன் இறுதியில் சாண்ட்கேட் கடற்கரையில் தாம் கட்டிய ஸ்பேட் ஹவுஸ் என்ற வீட்டில் குடியேறினார். அங்குதான் ஜிப், பிராங்க் என்னும் இரு பிள்ளைகளும் பிறந்தனர். அவர்களோடு தரையில் உட்கார்ந்து தீவுகளும் நகரங்களும் கட்டி விளையாடியதை 1911இல் ‘தரை விளையாட்டுகள்’ என்ற நூலாக எழுதினார். அதில் ஒரு குறை சொல்கிறார். பொம்மைக் கடைகளில் எங்கு பார்த்தாலும் சிப்பாய்கள்தாம். ஊரில் குடியிருக்கச் சாதாரண மனிதர்களின் பொம்மை கிடைப்பதே இல்லை. போருக்குப் பிறகு 1920களில் பிரிட்டன் கம்பெனி பண்ணைக்காரர்களையும் மாடுகளையும் வார்க்கத் தொடங்கியபோதுதான் அக்குறை ஓரளவு தீர்ந்தது.

இந்தப் பிரிட்டன் கம்பெனியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. அதுவரை பொம்மைச் சிப்பாய் என்றால் ஜெர்மனிதான். நூரம்பர்க் நகரில் வார்த்த தட்டையான தகரப் பொம்மைகளும், கனமான ஈயப் பொம்மைகளும் இங்கிலாந்தில் விற்பனையாயின. 1893இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் ஒரு யுக்தியைக் கையாண்டார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவது. ஓரம் இறுகியவுடன் நடுவில் இருப்பதைச் சட்டென்று கவிழ்த்துக் கொட்டிவிடுவது. எஞ்சுவது உள்ளே கூடான ஒரு வீரன். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. வண்ணந்தீட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தனர். பலர் வீட்டுக்கே எடுத்துச் சென்று செய்தனர். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, இளஞ்சிவப்பு முகம், இரண்டு புள்ளிக் கண்கள். காலாட்படை எட்டுப் பேர் ஒரு பெட்டி, குதிரைப்படை ஐந்து பேர் ஒரு பெட்டி. தளபதிகளின் பெயரை மட்டுமே பதிவுசெய்யும் சரித்திரம், அந்தத் தளபதிகளின் பொம்மைகளுக்குக் கண் திறந்த பெண்களின் பெயரையும் பதிவுசெய்யவில்லை.

விளையாட்டு பிறந்த விதம் வேடிக்கையானது. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கி ஒன்று அப்போது கடைக்கு வந்திருந்தது. ஓரங்குல மர உருளையை அது எறியும். ஒன்பது கஜ தூரத்தில் நிற்கும் சிப்பாயையும் குறி தவறாமல் சாய்க்கும். ஸ்பேட் ஹவுஸில் ஒருநாள் பகலுணவுக்குப் பின் விருந்தாளி ஒருவர் அதை எடுத்துச் சுட்டுப் பார்த்தார், பந்தயம் கட்டினார், போர் மூண்டுவிட்டது. விருந்தாளியின் முதலெழுத்துகளை மட்டுமே வெல்ஸ் தருகிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பது பொதுவான கருத்து. முதலில் கலைக்களஞ்சியத் தொகுதிகள் குன்றுகளாயின. பின்பு மரத்துண்டுகள் வந்தன. துளைகளில் செருகிய சுள்ளிகள் காடாயின. அட்டை வீடுகள் எழுந்தன.

விதிகளை அவர் ஒரே நாளில் எழுதிவிடவில்லை. ஆடி ஆடித் திருத்தினார். காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டடி. பீரங்கி இயங்க வேண்டுமானால் நான்கு வீரர்களாவது அதனருகே ஆறங்குலத்துக்குள் இருக்கவேண்டும். நகர்ந்தால் சுடக்கூடாது, சுட்டால் நகரக்கூடாது. சுடுவது ஒரு முறைக்கு நான்கு குண்டு. படையை நிறுத்தும்வரை களத்தின் குறுக்கே திரை தொங்கும். யோசித்துக்கொண்டே காலங்கடத்துவோரை அடக்க, முப்பது வீரருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்று கடிகாரம் வைத்தார். நம் தேர்வுக்கூடத்து மேற்பார்வையாளர்கள் இதைப் பாராட்டுவர். பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824இலேயே வரைபடத்தின்மீது ஆடும் போர்ப்பயிற்சியை அமைத்திருந்தார். ஆனால் அதில் பகடையும் அட்டவணையும் நடுவரும் உண்டு. வெல்ஸின் ஆட்டத்தில் குண்டு பட்டு விழுந்தால் செத்தான், விழாவிட்டால் பிழைத்தான். தகராறுக்கே இடமில்லை. நூலின் நீண்ட துணைத் தலைப்பில் பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வயதுவரையுள்ள பையன்களை அழைக்கிறார். சூட்டிகையான பெண்களுக்கும் இடந்தருகிறார். அந்த அழைப்பில் தொனிக்கும் தயவை நம் கல்லூரி மாணவியர் இரசிக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நூலின் இறுதியில் தொனி மாறுகிறது. போர்வெறி கொண்ட மன்னர்களையும் தளபதிகளையும் ஒரு பெரிய கூடத்தில் அடைத்து, வேண்டுமட்டும் பொம்மைகளைக் கொடுத்து ஆடவிட்டால் உலகம் தப்பும் என்கிறார். தரையில் மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே உண்மைப் போர் எவ்வளவு குளறுபடியானது என்று புரிந்துவிடுமாம். தம்மோடு ஆடிய இராணுவ அதிகாரிகளும் இந்தச் சிறு களத்தில் தடுமாறியதைச் சான்று காட்டுகிறார். இது 1913. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பா எரிந்தது.

அப்போது வெல்ஸ் என்ன செய்தார்? போரை எதிர்த்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவரோ, இது போர்களுக்கே முடிவு கட்டும் போர் என்று கட்டுரைகள் எழுதி, அவ்வாண்டே நூலாக்கினார். 1918இல் சிலகாலம் எதிரி நாட்டுக்கான பிரசாரப் பிரிவிலும் பணியாற்றினார். 1903இல் தம் கதையொன்றில் அவர் கற்பனை செய்த தரை இரும்புக் கப்பல்கள், 1916இல் டாங்கிகளாய் உண்மையிலேயே உருண்டு வந்தன. அவ்வாண்டு ஜூலை முதல் நாளில், சோம் ஆற்றங்கரையில், ஒரே நாளில் 57,000க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டோ காயமுற்றோ போயினர். அதே ஆண்டில் வெளிவந்த ‘பிரிட்லிங்’ நாவலில் மகனைப் போரில் இழந்த தந்தையின் துயரை எழுதினார். அவருடைய பிள்ளைகள் சிறுவர்களாயிருந்ததால் தப்பினர். நாவலைப் படித்தவர்களில் பலருக்கு அந்த நல்லூழ் இல்லை. காலம் அப்படி, யாவரும் அப்படித்தான் பேசினர் என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. பொம்மைகளைக் கொண்டே போரின் மடமையைக் கண்டு எழுதியவர் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. பிறருக்கு இல்லாத முன்னறிவு அவருக்கு இருந்தது.

ஆனால் அவர்தம் பெருமை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. 1934இல் தன்வரலாறு எழுதுகையில், அறுபத்தெட்டு வயதில், மார்ட்டின்ஸ் ஹில் கனவுகளுக்கு மீண்டும் வருகிறார். அந்தச் சிறுவயது இன்பத்தையே தாம் 1914வரை பொம்மைச் சிப்பாய்களில் அனுபவித்து வந்ததாக ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். தம் இனமே உயர்ந்தது, தாமே வெற்றிவீரர் என்ற அந்தப் பதின்மூன்று வயது மயக்கம் உருவெடுத்து வந்ததுதான் ஹிட்லர் என்றும் எழுதுகிறார். சர்ச்சிலின் பெயரையும் விடவில்லை. அதே கனவின் சட்டகத்திலிருந்து வெளியேறாதவர்களில் ஒருவராக அவரைச் சேர்க்கிறார். சர்ச்சில் சிறுவயதில் ஏறத்தாழ 1,500 பொம்மைச் சிப்பாய்களை வைத்திருந்தவர். அந்த அணிவகுப்பைத் தந்தை பார்வையிட்டதே தம்மை இராணுவத்துக்கு அனுப்பியது என்று 1930இல் தாமே எழுதியிருந்தார். ஹிட்லரின் வேரைத் தன்னுள்ளே தேடிக் கண்டதாக அச்சில் ஒப்புக்கொண்ட எழுத்தாளர் வேறொருவரை நான் படித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது அவர் வீட்டைவிட்டு நகர மறுத்துவிட்டார். 1940இல் மனித உரிமைகளைப் பற்றி நூல் எழுதினார். அணுகுண்டு என்ற பெயரையே 1914இல் ஒரு நாவலில் வழங்கியவர், ஹிரோஷிமா அழிந்த செய்தியையும் கேட்டார். 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள் மறைந்தார். அவரோடு தரையில் தவழ்ந்து பீரங்கி சுட்ட மூத்த மகன் ஜிப் விலங்கியல் அறிஞரானார். தந்தையோடும் ஜூலியன் ஹக்ஸ்லியோடும் சேர்ந்து ‘உயிர் விஞ்ஞானம்’ என்ற பெருநூலை எழுதியவர் அவரே.

விளையாட்டு நிற்கவில்லை. 1956இல் எடுத்த பாத்தே செய்திப்படம் ஒன்றில் நடிகர் பீட்டர் குஷிங், மெல்லிய தூரிகையால் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி, வெல்ஸின் விதிப்படி ஆடுவதைக் காணலாம். 1962இல் டொனால்டு பெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ என்ற நூல் இக்கலையைப் பல நாடுகளில் பரப்பியது. 1966இல் பிரிட்டன் கம்பெனி கூடு ஈயப் பொம்மைகளை வார்ப்பதை நிறுத்தியது. ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய கட்டுப்பாடுகள் காரணம். பழைய பொம்மைகளைச் சேகரிப்போர் தொழிற்சாலை வண்ணத்தைத் தொடவே கூடாது என்பர். ஆடுவோரோ பட்டாளத்தின் காலர் நிறம்வரை ஆராய்ந்து, தாமே தீட்டினால்தான் படை என்பர். ஆட்டக்காரர் பக்கமே எனக்குச் சாய்வு. ஓர் உடையைத் தீட்டுவதற்காக ஒரு நூற்றாண்டின் சரித்திரத்தைப் படிக்கிறார்கள் அல்லவா?

ஒரு மாறுதல் மட்டும் நேர்ந்துவிட்டது. வெல்ஸின் சுருள்வில் பீரங்கியை இன்று அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லை. மணிக்கணக்கில் கண்வலிக்கத் தீட்டிய வீரன்மீது மர உருளையை எறிந்து வண்ணத்தைப் பெயர்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. அவர் விலக்கிவைத்த பகடையே திரும்பிவந்து, யார் விழுந்தார் என்பதைச் சொல்கிறது.