கான் சாகிபின் வரலாற்றை எழுதியவர்கள் யார்?

மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு சிறிய தர்கா இருக்கிறது. மதுரையை ஆண்ட முஹம்மது யூசுஃப் கான் என்ற கான் சாகிப் அங்கேதான் அடங்கியிருக்கிறார். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் தன் கதையைத் தானே எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் மற்றவர்கள் எழுதியது. அப்படி எழுதியவர்களில் பலர் அந்தக் கதையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள்.

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1752-ல் கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையில் உணவுப் பொருள்களைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்த்து, மேஜர் லாரன்சின் நம்பிக்கையைப் பெற்றார். கம்பெனி சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். 1756-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அனுப்பப்பட்டார்.

அவரை அங்கே அனுப்பிய காலத்தில் சென்னை கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர் ராபர்ட் ஓர்ம். கம்பெனிப் போர்களின் வரலாற்றைப் பின்னாளில் எழுதியவரும் இவரே. தாமும் சேர்ந்து எடுத்த முடிவுகளைப் பற்றித் தாமே எழுதியவர் என்பதால், அவர் நூலில் யூசுஃப் கான் திறமையும் விசுவாசமும் உள்ள தளபதியாக வருகிறார். நூல் 1761-உடன் நின்றுவிடுகிறது. அதன் பிறகு நடந்தது அதன் எல்லைக்குள் வரவில்லை.

அந்தப் பிந்தைய கதைதான் முக்கியமானது. 1759 முதல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரையை ஆண்டார் கான் சாகிப். பிறகு 7 லட்சம் தரவும் முன்வந்தார். ஆனால் ஆற்காடு நவாப் முஹம்மது அலி, அவர் தன் ஊழியராக, தன் வழியாகவே பணம் கட்ட வேண்டும் என்றார். கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. கான் சாகிப் பணிய மறுத்தார். 1763-ல் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1764 ஜூனில் மேஜர் கேம்ப்பெல் நடத்திய பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். கோட்டைக்குள் பட்டினி பரவியது. அக்டோபர் 13 அன்று, கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர் மார்ச்சாந்தும் ஒருவர். தொழுகையில் இருந்தபோது கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, தென்சீமையில் பாளையக்காரர்களோடு போரிட வந்தவர் கர்னல் ஃபுல்லர்ட்டன். 1787-ல் வெளியான அவரது நூல் கான் சாகிபின் நிர்வாகத்தைப் புகழ்கிறது. அதே சீமையில் ஒழுங்கை நிலைநாட்டப் பாடுபட்டவர் என்பதால், அந்த நிர்வாகத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

1914-ல் எஸ்.சி. ஹில் முழு வாழ்க்கை வரலாறு எழுதினார். அவர் அரசு ஆவணங்களைப் பராமரித்த அதிகாரி. கம்பெனிக் கடிதங்களே அவருக்கு முக்கிய ஆதாரம். அதனால்தான், அனுதாபத்தோடு எழுதிய நூலின் தலைப்பிலேயே 'கலகக்காரத் தளபதி' என்ற பட்டம் ஏறிவிட்டது. யாருக்கு எதிரான கலகம் என்று கேட்டால், கடிதம் எழுதியவர்களுக்கு எதிரானது என்பதே பதில்.

மக்கள் தரப்பில் 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடல் இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த அதை 1972-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

இனி நம் முறை. நம் மேடைகளில் அவர் வெள்ளையனை எதிர்த்த வீரராக மட்டுமே வருகிறார். அதற்கு முன் கம்பெனிக்காகப் பூலித்தேவரோடு போரிட்டதை எளிதாகத் தாண்டிவிடுகிறோம். நம்மவர் என்ற பாசம் அப்படிச் செய்யத் தூண்டுகிறது. ஆனால் பகைவரிடமும் நீதியாக நடக்கச் சொல்லும் மார்க்கம், நம்மவரைப் பற்றிய சாட்சியத்திலும் அதையே எதிர்பார்க்கிறது. கம்பெனிக்காக வாளெடுத்து, கடைசியில் அதே கம்பெனியின் பீரங்கிகள் முன் மதுரைக் கோட்டையைக் காத்து நின்றவர் கான் சாகிப். பிள்ளைகளை சம்மட்டிபுரம் அழைத்துச் செல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.