எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பேராசிரியர்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனால் எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது? ஓரத்தில் வெந்திருக்கும், நடுவில் அரிசியாகவே கிடக்கும். இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடி, ஒரு நாட்டுக்கே கணக்குச் சொன்னவர்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்.

அவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அங்கே பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1913இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தவர் யார் தெரியுமா? நம் கணித மேதை இராமானுஜன்! குளிர் தாங்காமல் மேல்கோட்டோடு படுத்துக் கிடந்த இராமானுஜனுக்கு, கட்டிலில் செருகியிருந்த கம்பளியை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் இவர்தாம். செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கும் அந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1915இல் ஊர் திரும்ப வேண்டிய நேரம், உலகப் போரினால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்திலே பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழ் அவர் கையில் கிடைத்தது. வேறொருவராக இருந்தால் சும்மா புரட்டிவிட்டு வைத்திருப்பார். இவரோ அதன் தொகுதிகளை வாங்கிக் கையோடு ஊருக்குக் கொண்டுவந்தார். பௌதிகம் படித்தவர் புள்ளியியலுக்கு வந்த கதை இதுதான்.

1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆறு மேடாகிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மகாலனோபிஸ் சுமார் 60 ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஆறு மேடாகவில்லை, மேற்பகுதியில் கொட்டிய மழையே காரணம் என்று கண்டார். பாருங்க, கணக்குப் பார்க்காமல் கரையை உயர்த்தினால் பணமும் போகும், வெள்ளமும் மறுபடி வரும். பாடுபடுவது யார்? ஏழை ஜனங்கள்தானே!

1931இல் அவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லூரியில் அவர் இருந்த அறைதான் அதன் முதல் இடம். 1937 முதல் வங்காளத்துச் சணல் விளைச்சலை அளக்கும் முயற்சியில் இறங்கினார். எல்லா வயலையும் அளப்பது லேசுப்பட்ட வேலையா? ஆகவே சில வயல்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். பாதையோரத்து நல்ல வயலாகப் பார்த்து எடுக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல், எந்த வயலுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி எடுத்தார். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டு கணக்கும் ஒத்துப் போகாவிட்டால் தவறு வெளிச்சமாகிவிடும். எந்தச் சோறு என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இதுதான்.

இந்த வித்தையை அவர் தமக்குள்ளே பூட்டி வைக்கவில்லை. வேலையில் இருப்பவர்களும் ஆராய்ச்சி செய்பவர்களும் வந்து கற்றுக்கொள்ளப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். வேலை தேடிக் கல்கத்தா வந்த சி. ஆர். ராவ் என்னும் இளைஞர், அப்படிப் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரைச் சந்தித்துப் பேசி, 1941 ஜனவரி முதல் நாள் தாமும் சேர்ந்தார். அந்த ராவ் உலகம் போற்றும் புள்ளியியல் மேதையானார்; 2023இல் தம் 102ஆம் வயதில் அனைத்துலகப் புள்ளியியல் பரிசும் பெற்றார். 1950இல் அனைத்துலகப் புள்ளியியல் கல்வி மையம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. நம் தென்கிழக்காசிய வட்டாரத்தாருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் அதே ஆண்டில் தொடங்கியது.

1972 ஜூன் 28இல், 79ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், மகாலனோபிஸ் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 29ஐ இந்தியா 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

மாணவச் செல்வங்களே! கணக்கு என்றாலே ஓடாதீங்க. ஒரு செய்தி காதில் விழுந்தால், யார் எண்ணினார்கள், எத்தனையை எண்ணினார்கள், எப்படிப் பொறுக்கினார்கள் என்று கேளுங்கள். பெற்றோர்களே! வேலைக்குப் போன பிறகு படிப்பெதற்கு என்று எண்ணாதீர்கள். மகாலனோபிஸின் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பலர் உங்களைப் போலவே வேலை பார்த்தவர்கள்தாம். கற்க நினைப்பவருக்குக் காலம் கடந்துபோவதில்லை.