மதுரை பாஸ்கரதாஸர்

மதுரை நாடகமேடை வளர்த்த பாவலருள் பாஸ்கரதாஸர் ஒருவர். பிறந்தது 1892, இயற்பெயர் வெள்ளைச்சாமி. புராணக் கதையின் நடுவே தேசியப் பாட்டைப் புகுத்துதல் அக்கால மேடையின் வழக்கு. வெள்ளையரைக் கொக்கென உருவகித்து இவர் இயற்றிய பாட்டைப் பாடிவந்த நடிகர் விசுவநாததாஸர் பன்முறை சிறை புகுந்தார்.

1931 அக்டோபர் 31-இல் சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படினும், தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் உரையாடிய விந்தைப் படமாகும். அதற்கும் பாஸ்கரதாஸரே பாட்டெழுதினார். வடமொழிப் புலவன் கதையிலே காந்தியடிகளின் இராட்டினத்திற்கு இடமேது? ஆயினும் டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையார் அதனைத் திரையிலே பாடினார். மேடையின் வழக்கு திரைக்கும் வந்தது.

தாஸர் 1952-இல் மறைந்தார். அப்படத்தின் பிரதி கிடைத்திலது. அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் பிற்காலத்தே அச்சேறின.