குருதியின் வழி கண்ட இப்னுன் நஃபீஸ்

மனித உடலின் உள்ளமைப்பை அறிதலே மருத்துவக் கல்வியின் அடித்தளமாகும். எலும்பும் தசையும், நரம்பும் நாளமும், இதயமும் ஈரலும் எங்கெங்கு அமைந்து என்னென்ன பணியாற்றுகின்றன என்பதை அறியாதவர் நோயின் வேரைக் காண இயலாது. இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. ஒரு நாட்டினர் மட்டும் தேடியதுமன்று. ஒருவர் கண்டதை மற்றொருவர் ஆராய்ந்து, பிழை கண்டவிடத்துத் திருத்தி வளர்த்த அறிவு அது. அவ்வாறு திருத்தியவர்களுள் தலையாய ஒருவராகிய இப்னுன் நஃபீஸ் அவர்களின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அலாவுத்தீன் அலீ என்னும் இயற்பெயருடைய இவர், கி.பி. 1213ஆம் ஆண்டையொட்டித் திமிஷ்கு நகரில், அல்லது அதன் அருகில், பிறந்தார் என்பர். இளமையில் இலக்கணம், தருக்கம், நபிமொழி, மார்க்கச் சட்டம் ஆகியவற்றோடு மருத்துவத்தையும் பயின்றார். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய நூரீ மருத்துவமனை அந்நகரில் நோய் தீர்க்கும் இடமாகவும் கல்விக்கூடமாகவும் விளங்கிற்று. அங்கே புகழ்பெற்ற ஆசிரியர் அத்தக்வாரின் வழிவந்த மாணவர் குழாத்தில் இவர் பயின்றார். மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபியாவும் அக்குழாத்தைச் சேர்ந்தவரே.

பின்னர் இவர் எகிப்து நாட்டின் கெய்ரோ மாநகரை அடைந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். மருத்துவர்களின் தலைவர் என்னும் உயர்பதவியை வகித்தார். மருத்துவம் கற்பித்த அவரே, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபியீ சட்டத்தையும் கற்பித்தார். உடலின் நூலையும் ஒழுக்கத்தின் நூலையும் ஒருவரே ஓதிக் கொடுப்பது அக்காலத்தவர்க்கு வியப்பன்று.

அவருடைய எழுத்தாற்றலைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சுவையான செய்திகளைத் தருகின்றனர். எழுத அமருமுன் பல எழுதுகோல்களைச் சீவி அருகில் வைத்துக்கொள்வாராம். சுவரை நோக்கி அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல், உள்ளத்திலிருந்தே வெள்ளமென எழுதுவாராம். ஒருமுறை குளியல் கூடத்தில் நீராடிக் கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, மையும் தாளும் வருவித்து, நாடித்துடிப்பைப் பற்றிய ஒரு நூலை எழுதி முடித்த பின்னரே மீண்டும் சென்று நீராடினார் என்றும் கூறுவர். 300 பாகங்களாக அவர் திட்டமிட்ட அஷ்ஷாமில் என்னும் மருத்துவப் பெருங்களஞ்சியத்தில் 80 பாகங்களே செம்மையாக எழுதப் பெற்றன. கண் மருத்துவத்திற்கும் தனி நூல் செய்தார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது ஓர் உரைநூலே.

1037இல் மறைந்த இப்னு சீனாவின் அல்கானூன் அந்நாளில் மருத்துவ உலகின் பெருநூலாகத் திகழ்ந்தது. அதில் பல இடங்களில் சிதறிக் கிடந்த உடற்கூற்றுப் பகுதிகளை ஒருங்கே திரட்டி, இப்னுன் நஃபீஸ் உரை வகுத்தார். ஷரஹு தஷ்ரீஹில் கானூன் என்பது அவ்வுரையின் பெயர். 1242இல், அஃதாவது முப்பது வயதை எட்டுமுன்னரே, இவ்வுரையை அவர் எழுதிவிட்டார். உரையாசிரியர் என்போர் மூலத்தை விளக்குபவர் மட்டுமல்லர், வேண்டுமிடத்து மறுப்பவரும் ஆவர் என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். இவரும் அத்தகைய உரையாசிரியரே.

அவர் எதனை மறுத்தார்? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குருதி ஈரலில் உண்டாகிறது என்றும், அதில் ஒரு பகுதி இதயத்தின் வலப்புற அறையை அடைகிறது என்றும் கொண்டார். இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே குருதி கசிந்து இடப்புறம் சென்று, நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலக்கிறது என்பது அவர் கொள்கை. குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்தே கேலன் பல முடிவுகளுக்கு வந்திருந்தார். ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அவர் சொல்லே முடிந்த முடிபாக நின்றது. இப்னு சீனாவும் இக்கொள்கையையே தழுவினார். இதயத்திற்கு மூன்று கீழறைகள் உண்டு என்றும் எழுதினார்.

இப்னுன் நஃபீஸ் இரண்டையும் மறுத்தார். இதயத்திற்குக் கீழறைகள் இரண்டே. இடைச்சுவர் தடித்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் வழியுமில்லை, தெரியாத வழியுமில்லை என்று உறுதிபடக் கூறினார். அவ்வாறாயின் குருதி வலத்திலிருந்து இடத்திற்குச் செல்வது எங்ஙனம்? நுரையீரல் வழியாகத்தான் என்பது அவர் கண்ட விடை. வலப்புற அறையிலிருந்து தடித்த நாளத்தின் வழியே குருதி நுரையீரலை அடைகிறது. அங்குப் பரவிக் காற்றோடு கலக்கிறது. பின்னர் மெல்லிய நாளத்தின் வழியே இதயத்தின் இடப்புறம் வந்து சேர்கிறது. அவ்விருவகை நாளங்களுக்கும் இடையே சிறு புழைகள் உள்ளன என்றும் அவர் கருதினார். இதயம் தன் அறையிலுள்ள குருதியால் உணவு பெறுவதில்லை, தன் சுவரில் ஓடும் நாளங்களாலேயே பெறுகிறது என்பதும் அவர் கூற்றாகும். அவர் கருதிய நுண்ணிணைப்பை 1661இல் மால்பீகி என்னும் இத்தாலிய அறிஞர் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி கொண்டு கண்டார். தந்துகிகள் என நாம் இன்று வழங்குபவை அவையே.

இங்கே ஒரு வினா எழுகிறது. மார்க்கச் சட்டமும் தம் உள்ளத்து இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதினின்றும் தம்மைத் தடுத்தன என்று அவரே தம் உரையின் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அறுத்துப் பாராதவர் இதனை எவ்வாறு கண்டார்? விலங்குகளின் இதயத்தை ஆராய்ந்திருக்கலாம் என்பர் சிலர். கூர்த்த தருக்க அறிவினாலேயே உய்த்துணர்ந்தார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஓர் உறுப்பின் அமைப்பு அதன் பணிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்னும் நோக்கு அவர் உரை முழுவதும் விரவியுள்ளது. சுவரில் துளை இல்லையெனின் துளை வழிச் செல்லும் குருதியும் இல்லை. பெரியோர் கூறினர் என்பதற்காக இல்லாத துளையை உண்டென எழுத அவர் கை ஒப்பவில்லை.

1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையை எழுப்பினார். முதுமையில் நோயுற்ற இப்னுன் நஃபீஸுக்கு உடன் மருத்துவர்கள் மதுவை மருந்தாகப் பரிந்துரைத்தனர். மதுவை உடலிற் கொண்டவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமல் அவர் அதனை மறுத்துவிட்டார். ஹிஜ்ரி 687, துல்கஅதா 21ஆம் நாள், அஃதாவது 1288 டிசம்பர் 17 அன்று, அவர் உயிர் நீத்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் அம்மருத்துவமனைக்கே அவர் உரிமையாக்கியிருந்தார்.

அவர் மறைவுக்குப் பின், அல்கானூனின் சுருக்கமாக அவர் எழுதிய அல்மூஜஸ் எங்கும் பரவிற்று. இந்திய யூனானி மருத்துவர்களும் அதனைப் போற்றிப் பயின்றனர். ஆனால் உடற்கூற்று உரை மிகச் சிலராலேயே படிக்கப்பட்டது. 1553இல் செர்வீட்டஸும், 1559இல் கொலம்போவும் நுரையீரல் வழிக் குருதியோட்டத்தை ஐரோப்பாவில் எழுதினர். இப்னுன் நஃபீஸின் எழுத்துகளில் ஒரு பகுதி 1547இல் வெனிஸ் நகரில் இலத்தீனில் வெளிவந்திருந்தது. எனினும் அவர் கருத்து ஐரோப்பியரை எட்டியதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிபு இல்லை. 1924இல் முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்னும் எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து ஜெர்மனியில் ஆய்வேடு அளித்தார். மேக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் அறிஞர் அதனை உலகறியச் செய்தார். ஏறத்தாழ 700 ஆண்டுகள் ஓர் உண்மை ஏட்டுக்குள் உறங்கிக் கிடந்தது!

ஹார்விக்கு முன்பே இவர் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுவிட்டார் என்று நம்மிற் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது மிகைக் கூற்றாகும். குருதி உடல் முழுவதும் சுற்றி மீளும் பேருண்மையை 1628இல் நிறுவியவர் ஹார்வியே. இப்னுன் நஃபீஸ் கண்டது இதயத்திலிருந்து நுரையீரல் சென்று மீளும் பகுதியை. கேலனின் பிற கருத்துகள் பலவற்றை அவர் அப்படியே ஏற்றும் இருந்தார். உள்ளதை உள்ளவாறு கூறுதலே அவர் நமக்குக் காட்டிய நெறியாதலின், அவரைப் புகழும்போதும் அந்நெறியினின்று நாம் வழுவலாகாது.

இப்னு சீனாவின் நூலை அவர் வெறுத்தாரல்லர். வரி வரியாக ஓதி, மாணவர்க்கு விளக்கி, அதன் சுருக்கத்தையும் எழுதியவர் அவர். அத்துணை அன்பு கொண்ட நூலிலேயே பிழை கண்டபோது பிழை என்று எழுதினார். ஆசானைப் போற்றுதலும் ஆசானின் கூற்றை ஆராய்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பாடநூலைக் கையிலெடுக்கும் மாணவ மாணவியர் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக. நூலகத்தின் எந்த அடுக்கில் எந்த உண்மை இன்னும் உறங்குகிறதோ, அதனை எழுப்பும் பொறுப்பும் நம்முடையதே.