காற்றை வேலை வாங்கிய வில்ஹெல்ம் மைபாக்



கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ பழைய கார் ஒன்று பொனற்றைத் திறந்தபடி நிற்க, சாரதி ஓடையிலிருந்து போத்தலில் தண்ணீர் எடுத்து வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ரேடியேற்றர் கொதித்துவிட்டது என்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் இந்த ரேடியேற்றருக்கு வழிகாட்டிய மனிதரின் வரலாற்றை இங்கே படிப்போம்.

வில்ஹெல்ம் மைபாக் 1846 பெப்ரவரி 9 அன்று ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்த சிறுவனை, ரொய்ட்லிங்கன் நகரில் குஸ்டாவ் வேர்னர் என்னும் சமயப் பணியாளர் நடத்திய இல்லம் ஏற்றுக்கொண்டது. அங்கே உணவும் உடையும் மட்டுமன்றி, இயந்திரத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. மைபாக் அதில் வரைபடம் வரையப் பயின்றார். வேலை முடிந்தபின் மாலை வகுப்புகளில் கணிதமும் பௌதிகமும் கற்றார். பகலில் வேலைக்குப் போய் மாலையில் வகுப்புக்கு வரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை புதியதன்று.

அதே தொழிற்சாலைக்குப் பொறுப்பாளராக வந்தவர்தான் கொட்லிப் டைம்லர். இருவரின் நட்பு டைம்லர் இறக்கும்வரை நீடித்தது. 1882 இல் கான்ஸ்டாட்டில் டைம்லருடைய வீட்டுத் தோட்டத்தின் கண்ணாடிக் குடிலே அவர்களின் பட்டறையாயிற்று. இரவு பகலாக உள்ளே நடக்கும் வேலையைக் கண்ட தோட்டக்காரர், கள்ளப் பணம் அடிக்கிறார்கள் என்று பொலிசாருக்கு அறிவித்ததாகச் சொல்வார்கள். 1885 இல் அங்கிருந்து வெளிவந்தது எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டி. (இந்த ஆண்டை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.)

எஞ்சினின் வலு கூடக்கூட ஒரு சிக்கல் பெரிதாகியது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிகுதியின் பெரும் பங்கை வெளியேற்றாவிட்டால் உலோகம் விரிந்து பிஸ்டன் இறுகிவிடும். கார்ல் பென்ஸ் 1886 இல் செய்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போயிற்று. ஆகவே அடிக்கடி நீர் நிரப்ப வேண்டியிருந்தது. வலு கூடினால் கூடுதல் நீர், கூடுதல் நீரென்றால் கூடுதல் பாரம். பாரம் கூடிய வண்டி மலையேறுமா?

1900 மார்ச் மைபாக்குக்குத் துயரமான மாதம். 6 ஆம் திகதி டைம்லர் காலமானார். அம்மாத இறுதியில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லா டேர்பி மலைக்கு ஏறும் போட்டியில், டைம்லர் கம்பனியின் சாரதி வில்ஹெல்ம் பவர் பாறையில் மோதி உயிரிழந்தார். உயரமான, பாரமான அந்தக் கார் வளைவில் கட்டுக்கடங்கவில்லை. போட்டிகளையே விட்டுவிடலாமா என்று கம்பனி தயங்கியது. எமில் யெலினெக் என்ற வணிகர் மட்டும், தாழ்வான, இலேசான, வலுவான புதிய கார் வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றார். தன் மகள் மேர்செடெஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்தக் காருக்காக மைபாக் செய்த ரேடியேற்றர் தேன்கூட்டைப் போன்றது. 6 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரக் குழாய்கள் 8,070 அதில் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள்ளே காற்றும், அவற்றின் இடையே தண்ணீரும் ஓடின. உங்கள் கணித அறிவால் இதைச் சோதித்துப் பாருங்கள். அத்தனை குழாய்களின் வாய்ப் பரப்பையும் சேர்த்து ஒரே பெரிய சதுரக் குழாயாக்கினால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர். சிறு குழாய்களின் சுற்றளவுகளைக் கூட்டினாலோ ஏறத்தாழ 194 மீற்றர்! காற்று தொடும் பரப்பு சுமார் 90 மடங்கு. இதனால் 9 லீற்றர் தண்ணீரே போதுமாயிற்று. ரேடியேற்றரின் பின்னால் ஒரு விசிறியையும் பொருத்தினார். என் எண்ணப்படி அவருடைய கெட்டித்தனம் இங்கேதான் தெரிகிறது. ஏற்றத்தில் கார் மெதுவாகப் போகும், எஞ்சினோ வேகமாகச் சுழலும். வெப்பம் மிகுதி, எதிர்க்காற்றோ குறைவு. அந்தக் குறையை விசிறி நிரப்பியது.

1901 மார்ச்சில் அதே லா டேர்பி மலையில் 35 குதிரைவலு மேர்செடெஸ் முதலிடம் பெற்றது. சராசரி வேகம் மணிக்கு 51.4 கிலோமீற்றர், முந்தைய சாதனை 31.3 மட்டுமே.

நம் நுவரெலியாவிலும் மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி நடப்பதை அறிவீர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் குறைவு. ஆகவே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கிறது. ரேடியேற்றரின் இறுக்கமான மூடி உள்ளே அமுக்கத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடி தேய்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். பழைய மொறிஸ் மைனருக்குப் பெரிய எஞ்சின் பூட்டி, ரேடியேற்றரை மட்டும் பழையபடி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சிலர் அழகுக்காக முன்னால் பெரிய விளக்குகளை மாட்டிக் காற்றை மறைத்துவிடுவார்கள். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டைக் கழற்றி எறிவதும் உண்டு. காற்று எப்போதும் தடையற்ற வழியையே தேடும். பக்கத்தில் இடைவெளி கிடைத்தால் குழாய்களுக்குள் நுழையாமல் அவ்வழியே போய்விடும். உள்ளே வந்த சூடான காற்று வெளியேற வழி இல்லாவிட்டாலும் புதுக்காற்று வராது. மைபாக் காற்றுக்கு வேறு போக்கிடம் வைக்கவில்லை.

பெயர் உலகெங்கும் பரவிய பின்னர் கம்பனிக்குள்ளே அவருடைய இடம் சுருங்கியது. 1907 இல் விலகினார். 1909 இல் மகன் கார்லுடன் சேர்ந்து, கவுண்ட் செப்பலினின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் நிறுவனம் அமைக்க உதவினார். 1929 டிசம்பர் 29 அன்று 83 ஆவது வயதில் காலமானார். கான்ஸ்டாட்டில், தம் நண்பர் டைம்லர் துயிலும் அதே மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.