சர் தாமஸ் பாட்லி

நூலை அச்சிடும் உரிமை எவர்க்கு, அச்சான நூல் கற்பார் கைக்கு எட்டுவது எவ்வாறு என்னும் வினாக்கள் இக்காலத்து நீதிமன்றங்களிலும் சர்வகலாசாலைகளிலும் ஓயாது எழுகின்றன. இவற்றுட் பின்னதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே விடை தேடிய ஒருவரது சரிதத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

பாட்லி 1545 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரிற் பிறந்தார். தந்தையார் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த வணிகர். மேரி அரசியார் காலத்தில் அச்சபையார்க்கு இடுக்கண் நேரவே, அவர் குடும்பத்தோடு நாடு நீங்கி ஜெனீவாவை அடைந்தார். ஆண்டுச் சிறுவர் பாட்லி எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக் கால்வினது போதனையையும் கேட்டார். எலிசபெத்து அரசியார் முடிசூடியபின் தாய்நாடு திரும்பி, ஆக்ஸ்போர்டிற் பயின்று 1563 இல் பட்டம் பெற்று, மெர்ட்டன் கல்லூரியிற் கிரேக்கம் போதித்தார். பின்னர் அரசியாரின் தூதராய் ஹாலந்து தேசத்தில் உழைத்தார். அதனை விரிப்பிற் பெருகும். அவர் பெயர் நிலைத்ததும் அதனாலன்று.

ஹம்பிரி கோமகனார் அளித்த 280 க்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைக் கொண்டு 1488 இல் திறக்கப்பெற்ற புத்தகசாலையொன்று ஆக்ஸ்போர்டில் இருந்தது. ரோமன் சபைத் தொடர்பைக் களைகின்றோம் என்று 1550 இல் வந்த அதிகாரிகள் அதனை வெறுமையாக்கினர். 1556 இல் எஞ்சிய சாய்மேசைகளும் விலைபோயின. சீர்திருத்தத்தின் பெயரால் நிகழ்ந்த இதனை நாணத்தோடன்றி எழுத நம்மால் இயலவில்லை. அவ்வழிவைச் செப்பஞ்செய்ய 1598 இல் முன்வந்த பாட்லியும் சீர்திருத்தக் குடியிற் பிறந்தவரே என்பது நமக்குச் சிறிது ஆறுதல். தம் பொருளும், கைம்பெண்ணாயிருந்து தம்மை மணந்த செல்வச் சீமாட்டியாரின் பொருளும் அவர்க்கு உதவின. 1602 நவம்பர் 8 ஆம் நாள் புத்தகசாலை மீண்டும் திறக்கப்பெற்றது. நூலெதுவும் வெளியே இரவல் செல்லலாகாது என்பது அவர் வகுத்த விதி. 1645 இல் சார்லஸ் மன்னரே ஒரு நூலை வேண்டியபோதும், புத்தகசாலைத் தலைவர் அவ்விதியைக் காட்டி மறுத்தார், மன்னரும் இசைந்தார்.

ஆக்ஸ்போர்டில் ஒருவரும் படிக்க அறியாத சீன நூல்களையும் பாட்லி விலைக்கு வாங்கிவைத்தார். சீன அறிஞர் ஒருவர் 1687 இல் அங்கு வந்த பின்னரே அவை இன்னவென விளங்கின.

எனினும், வாங்குதலால் மட்டும் புத்தகசாலை வளருமோ? லண்டனில் அச்சுரிமையைப் பதிவுசெய்து காத்துவந்தோர் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியார். தம்மிடம் பதிவாகும் ஒவ்வொரு புதுநூலிலும் ஒரு பிரதியை அவர்கள் விலையின்றி ஆக்ஸ்போர்டிற்கு அளிப்பதென 1610 இல் பாட்லி உடன்படிக்கை செய்வித்தார். அச்சிடுவோர் பலர் அதனைப் பேணாது விட்டனரெனினும், 1662 இல் அக்கருத்துச் சட்டமாயிற்று. 1710 இல் எழுந்த பதிப்புரிமைச் சட்டம் ஒன்பது பிரதிகளைக் கேட்டது. நம் நாட்டிலும் 1954 இல் இயற்றப்பெற்ற சட்டத்தால், சென்னைக் கன்னிமாராப் புத்தகசாலைக்கு நூற்பிரதிகள் வரலாயின.

இத்துணை விரிந்த நோக்குடையார்க்கும் ஒரு குறை இருந்தது. நாடகங்களையும் பஞ்சாங்கங்களையும் அவர் குப்பையென வெறுத்தார். நாற்பது நாடகங்களில் ஒன்றேனும் வைத்தற்குரியதாவது அரிதென்று தம் புத்தகசாலைத் தலைவர்க்கு எழுதினார். விளங்காத சீன நூலைப் போற்றியவர், தம் மொழியில் வீதியோர் விரும்பிய நூலைத் தள்ளியது நமக்கு வியப்பே.

1613 ஜனவரி 28 ஆம் நாள் பாட்லி காலமானார். மெர்ட்டன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். பத்தாண்டு கழித்து, 1623 இல், ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்கள் ஒரு தொகுதியாய் வெளிவந்தன. அவற்றுட் பாதி முன்னர் அச்சேறாதவை. நாம் வகுப்பிற் பயிலும் மாக்பெத்தும் அவற்றுளொன்று. பாட்லி செய்வித்த உடன்படிக்கையின் வழியே அத்தொகுதியின் ஒரு பிரதி அவரது புத்தகசாலையை அடைந்தது. அந்நூற்றாண்டிலேயே அது கைவிட்டும் போயிற்று.

1905 இல் ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவர், தம் வீட்டிலிருந்த பழம்புத்தகம் ஒன்றின் சிதைந்த கட்டினைக் குறித்து யோசனை கேட்க அங்குக் கொணர்ந்தார். கட்டின் அடையாளங்களைக் கண்டோர் அஃது அப்பிரதியே எனத் துணிந்தனர். மறு ஆண்டில், பொதுமக்களிடம் தண்டிய 3,000 பவுன் கொடுத்து அதனை மீட்டனர்.