பிறர் சமயத்தைப் பிறரிடமே கற்ற பேராசிரியர்

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர் என்றே தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரை நாம் அறிவோம். தம் சமயம் அல்லாத சமயங்களை அவர் கற்ற விதத்தை நம்மில் பலர் அறியோம். மாணவியராகிய நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம் அதுவே.

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். சிவபக்தி மிக்க குடும்பம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகி அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைப் பாடம் கேட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டே அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றில் நிறைவடையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்றார் ஐயர். பின்னர் முதலியார் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லுமாறு வேண்டினார்.

சிந்தாமணி, திருத்தக்க தேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். சைவர்கள் அதனை ஒதுக்கி வைத்த காலமும் உண்டு. ஐயருக்குச் சொற்கள் விளங்கின; அவற்றின் பின்னுள்ள சமணக் கொள்கைகள் விளங்கவில்லை. அதற்காக அவர் ஊகித்துப் பொருள் கூறவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே கோலமும் தோரணமுமாக விழாக்கோலம்! பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து அன்றுதான் நிறைவு செய்திருந்தார்கள். தமக்குப் புதிராயிருந்த நூல் அவர்களுக்குப் புனித நூல் என்பதை ஐயர் கண்டார். கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர் அவர்கள்முன் மாணவராக அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

அடுத்து, பௌத்த காப்பியமாகிய மணிமேகலை. கேட்டறிவதற்கு அங்கே பௌத்தர்கள் இல்லை. கல்லூரி நண்பர் ரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, படிப்போர்க்கு உதவியாகப் புத்தர் வரலாற்றையும் அவர்தம் தருமத்தையும் சங்கத்தையும் பற்றி உரைநடையில் எழுதியளித்தார்.

அக்காப்பியத்தில் ஓர் அரிய காட்சி உண்டு. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவர், வைணவர், சமணர் மட்டுமல்லர். இன்று மறைந்துபோன ஆசீவக சமயத்தாரும், மறுபிறவி இல்லையென்னும் பூதவாதியும் அங்கே இருக்கிறார்கள். பூதங்கள் கூடுவதால் உணர்வு தோன்றும் என்பது பூதவாதியின் கொள்கை. நூலாசிரியர் சாத்தனார் பௌத்தர். ஆயினும் ஒவ்வொரு கொள்கையையும் அதனை உடையவர் வாயாலேயே சொல்ல வைத்தார். சாமிநாதையர் சமணர் வீட்டுத் திண்ணையேறியதும் இதே நெறியில்தான் அன்றோ!

பிற சமயத்தை அறிந்தால் நம் பற்றுக் குறைந்துவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சக்கூடும். ஐயரின் வாழ்வே அதற்கு விடை. சமணத்தையும் பௌத்தத்தையும் ஆழ்ந்து கற்ற அவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் மறையும்வரை தம் சமயத்தில் மாறாத பற்றுடன் வாழ்ந்தார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன.

நம் பள்ளியில் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்கும், ஏனையோர் நன்னெறி வகுப்பிற்கும் பிரிந்து செல்கிறோம். இரண்டும் நன்மை தருவனவே. ஆண்டில் சில மணி நேரமேனும் நாம் ஒன்றாக அமர்ந்து பிற நெறிகளையும் அறிந்தால் எத்துணை நலம்! திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். கடவுள் நம்பிக்கையின்றியே அறவழி நடப்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்களைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதைவிட அவர்களே சொல்லக் கேட்போமாக. சிந்தாமணியையும் மணிமேகலையையும் நமக்கு மீட்டுத் தந்த பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.